மயக்கம் தெளிய வைத்த மாதரசி

குமணன்சாவடியில் ஒரு குடும்பம். பாட்டிக்கு ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை. கத்தியை நினைத்து அல்ல. மயக்க மருந்து கொடுத்த பிறகு பாட்டி நல்லபடியாகக் கண் விழிப்பாரா என்பதுதான் அந்தக் கவலை.

இந்தக் கவலையைப் போக்குவதையே தன் வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒரு பெண்மணி நம் நாட்டில் இருந்தார். அவர்தான் ரூபாபாய் பர்தூன்ஜி. மயக்க மருந்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட உலகின் முதல் பெண் டாக்டர் என்று போற்றப்படுகிறவர்.

உயிர் குடித்த மருந்து

1847-ம் ஆண்டு எடின்பரோ நகரத்து டாக்டர் சிம்சன், குளோரோபார்ம் என்ற மருந்தை முகர்ந்தால் மயக்கம் வரும் என்று காட்டினார். வலி இல்லாத ஆபரேஷன்! உலகமே மகிழ்ந்தது.

மறு ஆண்டே இடி விழுந்தது. இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள்.

இப்படிச் சாகிறவர்களுக்கு முதலில் நிற்பது இதயமா, மூச்சா? டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள்.

ஐந்து பெண்கள்

அப்போது ஐதராபாத்தில் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்தவர் டாக்டர் எட்வர்டு லாரி. பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலம் அது. ஆனாலும் அவர் பெண்களைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். 1885-ல் சேர்ந்த ஐந்து பெண்களில் ஒருவர் ரூபாபாய். பார்சி குலத்தில் பிறந்தவர். 1889-ல் படிப்பை முடித்து "ஹக்கீம்" பட்டம் பெற்றார்.

நிஜாம் கொடுத்த பணம்

குளோரோபார்ம் சண்டைக்கு முடிவு காண லாரி ஆசைப்பட்டார். ஐதராபாத் நிஜாம் 1,000 பவுன் பணம் கொடுத்தார். 1889-ல் லண்டனில் இருந்து டாக்டர் லாடர் பிரன்டன் வந்தார். நாய், குரங்கு என்று நூற்றுக்கணக்கான பிராணிகளுக்கு மருந்து கொடுத்துச் சோதனை நடந்தது. இந்த ஆராய்ச்சியில் ரூபாபாயும் பங்குகொண்டார்.

மூச்சுதான் முதலில் நிற்கிறது. ஆகவே மூச்சையே கவனிக்கவேண்டும் என்று அந்தக் குழு தீர்ப்புச் சொன்னது. இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. குளோரோபார்ம் இதயத்தையும் திடீரென்று நிறுத்திவிடும் என்று 1911-ல் லெவி என்ற ஆங்கில டாக்டர் காட்டினார். ஆனால் நோயாளியின் மூச்சில் இருந்து கண்ணை எடுக்கக்கூடாது என்ற பாடம் இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

ரூபாபாய் அந்தப் பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஐதராபாத் ஆஸ்பத்திரிகளில் பல ஆண்டுகள் மயக்க மருந்து கொடுத்தார். அதோடு அவர் திருப்தி அடையவில்லை. மருந்தின் தன்மையை நன்றாக அறியவேண்டும் என்று 1909-ல் கடல் கடந்து எடின்பரோ சென்று மேலும் படித்தார். திரும்பி வந்து உழைத்து, 1920-ல் ஓய்வு பெற்றார்.

குழாய் எடுக்கும் நேரம்

இன்று குளோரோபார்மை யாரும் கொடுப்பதில்லை. பெரிய ஆபரேஷன் என்றால் வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாய் விடுகிறார்கள். 1878-ல் கிளாஸ்கோ நகர டாக்டர் மெக்கீவன் தொடங்கிய முறை இது.

ஆபரேஷன் முடிந்து குழாயை எடுக்கும் நேரம் முக்கியமானது. நோயாளி பலமாக இருமுவார். ரத்த அழுத்தம் ஏறும். கண், மூளை, கழுத்து ஆகிய இடங்களில் ஆபரேஷன் என்றால், ரத்தம் கசியும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க டெக்ஸ்மெடிடோமிடின், லிடோகெயின் போன்ற மருந்துகளை அளவாகக் கொடுக்கிறார்கள். நோயாளி அமைதியாகக் கண் விழிக்கிறார்.

ஆனால் அமைதி தரும் மருந்து அதிகமானால் தூக்கம் நீளும், மூச்சும் தளரலாம். குறைந்தாலோ இருமல் அடங்காது. அதனால்தான் குழாயை எடுத்த பிறகும் டாக்டர் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். பாட்டியின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று கவனிக்கிறார்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ரூபாபாய் செய்த வேலையும் அதுதான்!