வாந்திபேதியின் வழி கண்ட வைத்தியர்

இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க் நகரிலே, 1813ஆம் ஆண்டு, கூலித் தொழிலாளி ஒருவரின் தலைமகனாய்ப் பிறந்தவர் ஜோன் சினோ. பதினான்காம் அகவையில் நியூகாசில் நகரத்து வைத்தியர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். இளமையிலேயே புலாலையும் மதுவையும் விலக்கிய அவர், வாலையில் வடித்த நீரையே விரும்பி அருந்தினார் என்பர். பிற்காலத்தில் நீரின் குற்றத்தை ஆராய்ந்தவர்க்கு இவ்வியல்பு பொருத்தமேயாம்.

1831ஆம் ஆண்டில் வாந்திபேதி சந்தர்லாந்துத் துறைமுகத்தில் தோன்றி, அயலிலிருந்த நிலக்கரிச் சுரங்க ஊர்களுட் புகுந்தது. கில்லிங்வேத்துச் சுரங்கத்தாரைப் பேணும் பொறுப்பு இம்மாணவர்க்கு வாய்த்தது. சுரங்கத் தொழிலாளர் எட்டு ஒன்பது மணி நேரம் நிலத்தின் கீழே கிடப்பர். உணவையும் உடன் கொண்டு செல்வர். ஆங்கு மலசலகூடமில்லை, கை கழுவ நீருமில்லை. அக்கையாலேயே உண்பர். அக்காலத்து அறிஞரோ, அழுகிய பொருள்களினின்று எழும் தீக்காற்றே நோய்க்கு மூலம் என்றனர். சேரியின் நாற்றமும் சேரியின் சாவும் ஒன்றெனவே அவர்க்குத் தோன்றின. சுரங்கத்தாரின் இவ்வாழ்க்கை முறையைச் சினோ பின்னாளில் தம் கொள்கைக்குச் சான்றாக எடுத்துக் காட்டினார்.

1836இல் கால்நடையாகவே இலண்டன் சென்று பட்டம் பெற்றார். மயக்க மருந்தில் வல்லுநராகி, 1853இல் விக்டோரியா மகாராணியாரின் மகப்பேற்றின்போது குளோரோபோம் அளித்தார். அரண்மனை வாயில் திறந்தது. ஆயினும் அவர் கருத்து ஏழையர் தெருவிலேயே நின்றது. நோய்நஞ்சு வாய்வழி புகுந்து குடலிற் பெருகி, கழிவு கலந்த நீரால் பரவுமென 1849இல் சிறு நூலொன்றில் எழுதியிருந்தார். ஏற்றவர் சிலரே.

1854ஆம் ஆண்டு ஓகத்து மாதக் கடைசியில், இலண்டனின் சோகோப் பகுதியில், புறோட் வீதியைச் சூழ்ந்து பத்து நாட்களுள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சினோ இறந்தோர் இருந்த வீடுகளைத் தேடி நடந்தார். அவர்கள் எந்நீர் பருகினர் என வினவினார். பெரும்பாலான சாவுகள் அவ்வீதிக் கைப்பம்பைச் சுற்றியே நிகழ்ந்திருந்தன. ஆங்கிருந்த வெடிமூடித் தொழிற்சாலையில், தொழிலாளர் பருகுவதற்கென அப்பம்பு நீரைத் தொட்டிகளில் நிரப்பி வைப்பது வழக்கம். இருநூற்றுவருள் பதினெண்மர் இறந்தனர். அண்மையிலிருந்த மதுவடிசாலையில் எழுபதின்மர் வேலை செய்தும் ஒருவரும் இறந்திலர். அவர்க்கு வடிசாலை மது கிடைத்தது, தனிக் கிணறும் இருந்தது. மது விலக்கிய வைத்தியர்க்கு மதுவே சாட்சியானது ஒரு வியப்பு.

இவற்றினும் வலிய சான்று தொலைவிலிருந்து வந்தது. அத்தொழிற்சாலை உரிமையாளரின் தாயார், கணவரை இழந்த மூதாட்டி, தூய காற்றுடைய ஆம்ஸ்ரெட் பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தார். பழகிய நீரின் சுவையை மறவாமையால் அதனை நாடோறும் வண்டியில் வருவித்துப் பருகினார், மாண்டார். அந்நீரைப் பருகிச் சென்ற மருமகளாரும் வேறொரு பகுதியில் மாண்டார். தீக்காற்றுக் கொள்கையினர் இதற்கு என்ன விடை கூறுவர்?

செப்ரெம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதனாலேயே நோய் நின்றதென்று கதை கட்டுவோர் உளர். மக்கள் பலர் முன்னரே ஊரைவிட்டு ஓடினமையால் நோய் தணிந்திருந்ததெனச் சினோவே ஒப்புக்கொண்டார். தமக்குப் புகழ் தரும் செய்தியிலும் உண்மையைக் குறைக்காத இந்நேர்மை போற்றற்குரியது. அவர் கொள்கையை முதலில் ஐயுற்ற ஹென்றி வைற்ஹெட் என்னும் பாதிரியார், தாமே வீடு வீடாய் விசாரித்து, பம்பினருகேயிருந்த ஒரு வீட்டில் நோயுற்ற குழந்தையின் அணையாடை அலசிய நீர் மலக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டறிந்தார். குழியின் கசிவு கிணற்றிற் கலந்திருந்தது.

இறப்புகளைக் கறுப்புக் கோடுகளாற் குறித்த தெருப்படத்தை 1855இல் நூலின் விரிந்த பதிப்பிற் சேர்த்தார். சுகாதார சபையார் ஏற்றிலர். 1858ஆம் ஆண்டு யூன் 16ஆம் நாள், நாற்பத்தைந்து அகவையிற் சினோ மறைந்தார். இலண்டனின் பெயர்பெற்ற மருத்துவ இதழொன்று சில வரிகளில் இரங்கல் வெளியிட்டது. அதிற் குளோரோபோம் ஆராய்ச்சி குறிக்கப்பட்டது. வாந்திபேதி பற்றி ஒரு சொல்லும் இல்லை.