சவுக்கு மரம் பாடியவர் கட்டிய பிரெஞ்சுக் கதிர்க்கட்டு



2019-ல் வந்த பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் சவுக்கு மரத்தைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. எழுதியவர் தோரு தத். நம்ம கல்மண்டபத்தில் சவுக்குன்னா பந்தல்கால், சாரக்கட்டை, அவ்வளவுதான். அதைப் போய் ஒருத்தர் பாடியிருக்காங்களேன்னு எங்கள் வகுப்பில் ஒரே சிரிப்பு. பரீட்சைக்கு அவரைப் பற்றி ரெண்டு வரி படிப்போம்: கல்கத்தாவில் பிறந்தார், 21 வயதில் இறந்தார். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஒரே புத்தகம் பிரெஞ்சுக் கவிதைகளின் மொழிபெயர்ப்பு! அதைச் சொல்லத்தான் இந்தத் தடவை சுவரிதழில் இடம் கேட்டு வாங்கினேன்.

தோரு பிறந்தது 1856 மார்ச் 4. நம்ம இராயபுரம் ரயில் நிலையம் திறந்ததும் அதே 1856-ல்தான். அப்பா கோவின் சந்தர் தத், அம்மா க்ஷேத்ரமணி. படித்த, வசதியான குடும்பம். 1862-ல் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். வீட்டில் எல்லோரும் கவிதை எழுதுவார்கள். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் எழுதியதைச் சேர்த்து 1870-ல் லண்டனில் ஒரு புத்தகமே போட்டார்கள். மூன்று பிள்ளைகளில் தோருதான் கடைக்குட்டி. அண்ணன் அப்ஜு 1865-ல் 14 வயதில் இறந்துவிட்டான். மீதி இருந்தது அக்கா ஆருவும் தோருவும்தான்.

1869-ல் அப்பா குடும்பத்தோடு கப்பலேறினார். முதலில் பிரான்சில் நீஸ் நகரம். அங்கே சகோதரிகள் ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் சில மாதம் படித்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் போன பள்ளி அது ஒன்றுதான்! தோருவுக்கு அப்போது 13 வயது. அந்தச் சில மாதத்தில் பிரெஞ்சு மொழி அவர் மனசில் ஒட்டிக்கொண்டது, கடைசி வரை போகவில்லை. 1870-ல் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் வந்தது. அப்போது இவர் லண்டனில். பிரான்ஸ் தோற்றதும் சொந்த ஊர் தோற்ற மாதிரி டைரியில் வருத்தப்பட்டு எழுதினார். 1871 முதல் 1873 வரை கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று நடந்த விரிவுரைகளைக் கேட்டார்கள். கேட்கலாம், ஆனால் பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1948-ல்தான். அங்கே கிடைத்த தோழி மேரி மார்ட்டின். தோரு அவருக்கு எழுதிய கடிதங்கள் 1921-ல் புத்தகமாக வந்தன. அதனால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

1873-ல் கல்கத்தா திரும்பினார்கள். அங்கே வெளியே இஷ்டத்துக்குப் போக முடியாது. வீடு, பாக்மாரி தோட்டம், பூனைகள், அப்பாவின் புத்தகங்கள். மறுபடி இங்கிலாந்து போக மாட்டோமா என்ற ஏக்கம் கடிதங்களில் வந்துகொண்டே இருக்கும். அக்காவும் தங்கையும் ஒரு திட்டம் போட்டார்கள்: தோரு ஒரு நாவல் எழுதணும், ஆரு அதுக்குப் படம் வரையணும். 1874 ஜூலை 23-ல் காசநோயில் ஆரு போய்விட்டார். அவருக்கு 20 வயது. நாவலில் ஒரு பக்கம்கூட அவர் பார்க்கவில்லை.

அந்த வருஷ டிசம்பரிலேயே தோருவின் கட்டுரை பெங்கால் மேகசினில் வந்தது. லெகோந்த் தெ லீல் என்ற பிரெஞ்சுக் கவிஞரைப் பற்றியது. இந்துமாக்கடலில் ரீயூனியன் தீவில் பிறந்தவர், இந்தியக் கதைகளையும் பாடியவர். தோரு அவரை எழுதும்போது அவர் பாரிஸில் உயிரோடு இருந்தார். விக்டர் ஹியூகோவும் அப்படித்தான். செத்துப்போன பழைய இலக்கியத்தை அல்ல, அந்தக் காலத்தில் அங்கே சூடாகப் படித்ததையே கல்கத்தாவில் ஒரு அறைக்குள் உட்கார்ந்து 18 வயதுப் பெண் படித்துக்கொண்டிருந்தார்.

1876-ல் பவானிப்பூர் அச்சகம் ஒன்றில் புத்தகம் வந்தது. பெயரைத் தமிழில் சொன்னால், பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு. அறுவடை முடிந்த வயலில் சிந்தின கதிரைப் பொறுக்குவார்களே, அது மாதிரி. 160-க்கும் மேல் கவிதைகள், எல்லாம் ஆங்கிலத்தில். எட்டு மட்டும் ஆரு செய்தவை. மட்டமான தாள், முன்னுரை கிடையாது. லண்டனில் எக்ஸாமினர் பத்திரிகை அலுவலகத்துக்கு ஆகஸ்டில் ஒரு பிரதி போனது. ஆசிரியர் அதை எட்மண்ட் காஸ் என்ற விமர்சகர் கையில் திணித்தார். குப்பைன்னு நினைச்சுத் திறந்தவர் அசந்துபோனார். அவர் எடுத்துக்காட்டிப் புகழ்ந்த ஹியூகோ பாடல் உண்மையில் ஆரு மொழிபெயர்த்தது. ஆரு இறந்து அப்போது ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

புத்தகத்தின் கடைசியில் கவிஞர்களைப் பற்றிக் குறிப்புகள் உண்டு. தோருவின் கவிதையை எல்லாரும் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குறிப்புகள்தான் அவர் ஆராய்ச்சியாளர் என்பதற்குச் சாட்சி. இவர் பெரிய கவிஞர், இவர் அவ்வளவு இல்லை என்று தயங்காமல் தீர்ப்பு சொல்கிறார். யாருக்கும் தெரியாத சின்ன விஷயம் தெரிகிறது, சில இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெரிய விஷயம் தெரியவில்லை என்று காஸ் குறை சொன்னார். வாத்தியார் இல்லாமல், கிடைத்த புத்தகத்தை வைத்துப் படித்தால் அப்படித்தானே இருக்கும்?

இதுக்கு நடுவில் அப்பாவோடு சேர்ந்து சமஸ்கிருதமும் படித்தார். அம்மாவிடம் கேட்ட சாவித்திரி, சீதை, பிரகலாதன், ஏகலைவன் கதைகளை ஆங்கிலப் பாட்டாக்கினார். 1877-ல் கிளாரிஸ் பாடர் என்ற பிரெஞ்சு எழுத்தாளருக்குக் கடிதம் எழுதி, பழங்கால இந்தியப் பெண்களைப் பற்றிய அவர் நூலை மொழிபெயர்க்க அனுமதி கேட்டார். அனுமதி வந்தது. அதுக்குள் அதே காசநோய் முற்றிவிட்டது. 1877 ஆகஸ்ட் 30-ல் தோரு இறந்தார்.

அப்பா கோவின் சந்தர் மகளின் காகிதங்களைப் புரட்டினார். முழு நாவல் ஒன்று கிடைத்தது, பிரெஞ்சில்! தார்வேர் என்ற பெண்ணின் டைரி போல எழுதியது. ஆரு படம் போடவேண்டிய அதே நாவல். 1879-ல் பாரிஸில் அச்சானது. முன்னுரை எழுதியது அனுமதி கொடுத்த அதே கிளாரிஸ் பாடர்தான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. இந்தியர் பிரெஞ்சில் எழுதிய முதல் நாவல் அதுதான் என்கிறார்கள். சவுக்கு மரக் கவிதை வந்த புத்தகம் 1882-ல் லண்டனில் வெளியானது.

கதிர்க்கட்டு இப்போது இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் ரூம்ல நேரம் கிடைச்சா திறந்து பாருங்க. முதல் பக்கத்தை விடுங்க, நேரா கடைசிப் பக்கக் குறிப்புகளுக்குப் போங்க.