லண்டன் மாணவரின் கணக்கு நோட்டு

மாசம் பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, அக்கவுண்ட்ல பேலன்ஸ் காலி. எதுக்குச் செலவாச்சுன்னு கேட்டா பதில் வராது. ஹாஸ்டல் நண்பர்களே, நம்ம வயசுல இதே சிக்கலைச் சந்திச்ச ஒரு மாணவரைப் பத்திப் பார்ப்போம். ரூபாய் நோட்டுல சிரிக்கிறாரே, அதே காந்திதான். ஆனா இது வேட்டி கட்டிய காந்தி இல்லை, கோட்டும் தொப்பியும் போட்ட மாணவர் மோகன்தாஸ்.

1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்தவர். 1885-ல் அப்பா இறந்துபோனார். லண்டனில் சட்டம் படிக்க ஆசைப்பட்டபோது கையில் பணமில்லை. மனைவி கஸ்தூர்பாவின் நகைகளை விற்கலாமா என்றுகூட யோசித்தார். கடைசியில் அண்ணன் லட்சுமிதாஸ் செலவை ஏற்றுக்கொண்டார். 1888 செப்டம்பர் 4-ல் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார்.

லண்டன் போனதும் ஆளே மாறிவிட்டார். நாகரிகக் கனவானாக ஆகணும் என்ற ஆசை வந்துவிட்டது. 19 ஷில்லிங்கில் உயரமான தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை நேர உடை, 3 பவுண்டு கட்டி நடன வகுப்பு, இன்னொரு 3 பவுண்டுக்கு வயலின். தங்கத்தில் கடிகாரச் சங்கிலி வேணும்னு அண்ணனிடம் கேட்டு வாங்கினார். நடனமும் வயலினும் வரவேயில்லை. சுமார் மூணு மாசத்தில் அந்த மோகம் தெளிந்தது.

ஆனா ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. செலவழிச்ச ஒவ்வொரு காசையும் நோட்டில் எழுதிவிடுவார். பஸ் கட்டணம், தபால்தலை, பேப்பர் வாங்கின சில்லறை எதுவும் தப்பாது. ராத்திரி கணக்கை முடித்துக் கையிருப்பைச் சரிபார்த்த பிறகுதான் படுப்பார். ஆடம்பரமா செலவழிச்ச நாட்களிலும் இது நிற்கவில்லை.

செலவைப் பாதியாகக் குறைக்கணும் என்று முடிவு செய்தபோது அந்த நோட்டுதான் வழிகாட்டியது. பணம் கரைந்த இடம் பேப்பரும் தபால்தலையும் இல்லை, தங்குமிடமும் போக்குவரத்தும். அவர் ஒரு குடும்பத்தோடு தங்கி வாரவாரம் பணம் கட்டினார். மரியாதைக்காக அவர்களை வெளியே விருந்துக்கு அழைத்துப் போகணும், வண்டிச் செலவும் உண்டு. வெளியே சாப்பிட்டாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கான பணம் கழியாது. மெஸ் பில் கட்டிட்டு வெளியே பிரியாணி ஆர்டர் பண்றோமே, அதே கதைதான்!

அதனால் தனியாக அறை எடுத்தார், அதுவும் நடந்தே வேலைக்குப் போகும் தூரத்தில். தினமும் 8 முதல் 10 மைல் நடந்தார். வண்டிச் செலவு மிச்சம், உடம்புக்கும் நல்லது. பிறகு இரண்டு அறையை ஒன்றாகக் குறைத்து, ஒரு ஸ்டவ் வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே செய்தார். மதியம் வெளியே சாப்பாடு, ராத்திரி ரொட்டியும் கோகோவும். ஒரு நாள் சாப்பாட்டுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் போதுமானதாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1 ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், 1 பவுண்டுக்கு 20 ஷில்லிங். அந்தத் தொப்பியின் விலையில் 15 நாள் சாப்பாடு. அந்த 10 பவுண்டு உடையின் விலையில் 160 நாள் சாப்பாடு!

இவ்வளவு சிக்கனம் பார்த்தவர் ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. சட்டத் தேர்வை நோட்ஸ் படித்தே பாஸ் பண்ணிவிடலாம் என்ற நிலை அப்போதும் இருந்தது. அவரோ பாடப்புத்தகங்களை முழுசாகப் படிக்கணும் என்று நிறையப் பணம் போட்டு வாங்கினார். தொப்பிக்குப் போன பணம் புத்தகத்துக்குப் போனது. பட்ஜெட்னா இதுதான். எதுக்குச் செலவழிக்கணும்னு நாமே முடிவு பண்றது.

1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் ஆனார், இரண்டே நாளில் ஊருக்குக் கப்பல் ஏறினார். 1894-ல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியபோதும் நோட்டுப் பழக்கம் கூடவே வந்தது. சின்னத் தொகைக்கும் ரசீது, ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு. பொதுப்பணத்தை நம்பிக் கொடுக்க மக்களுக்கு அதுவே காரணமானது. 1948 ஜனவரி 30-ல் மறையும் வரை கணக்கு விஷயத்தில் அவர் கறாரான மனிதர்தான்.

நாமும் முயற்சி பண்ணலாமே. முதல் மாசம் எதையும் குறைக்க வேணாம், டீ, ஜெராக்ஸ், ரீசார்ஜ்னு எல்லாத்தையும் தினமும் எழுதினா போதும். மாசக் கடைசியில வகைவாரியா கூட்டி, பெரிய தொகை ரெண்டை மட்டும் எடுத்து, அதுல எது தேவையில்லைன்னு பாருங்க. அடுத்த மாசம் காசு வந்ததும் ஃபீஸ், மெஸ், புத்தகத்துக்கு முதல்ல ஒதுக்கிட்டு, மிச்சத்தை நாலு வாரத்துக்குப் பிரிச்சுக்குங்க. வீட்டுல யாரோ கஷ்டப்பட்டு அனுப்புற பணம் அது. லட்சுமிதாஸ் மாதிரி ஓர் அண்ணனோ, அப்பாவோ, அம்மாவோ நம்ம ஒவ்வொருத்தர் வீட்டுலயும் இருக்காங்க.