சீருடையைக் களைந்த பின்: தியாகி இம்மானுவேல் சேகரனின் வாழ்வு

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்ட ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் சட்டை அணியக் கூடாது; வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது; செருப்பும் குடையும் கூடாது; பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. காரைக்குடி, தேவகோட்டை அடங்கிய செட்டிநாட்டுப் பகுதி அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தது.

அப்போது முதுகுளத்தூர் வட்டாரத்துச் செல்லூரில் ஆறு வயதுச் சிறுவராக இருந்தவர் இம்மானுவேல் சேகரன். பிறந்தது 1924 அக்டோபர் 9. தேவேந்திரர் சமூகத்தவர், தந்தை வேதநாயகம் ஆசிரியர். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்ற அவர், 1945இல் இராணுவத்தில் சேர்ந்து அவில்தார் ஆனார்.

படையும் சாதிக்கு அப்பாற்பட்டதாக இருந்ததில்லை. அண்ணல் அம்பேத்கரின் தந்தை சுபேதாராகப் பணியாற்றிய அதே படையில், 1890களில் மகர்களுக்கு ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. நெடிய கோரிக்கைகளுக்குப் பின், போர்க்காலத் தேவையால் 1941இல்தான் மகர் படைப்பிரிவு உருவானது. ஆயினும் சட்டையும் காலணியும் ஊரில் குற்றமாயிருந்தபோது, பாசறையில் அவை கடமையாயின. அந்த வேறுபாட்டை உடலால் அறிந்தவராகவே அவர் 1950களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்.

அதற்குள் அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருந்தது; 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. தேநீர்க் கடைகளிலோ இரட்டைக் குவளை நீடித்தது. அதை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார். ஏட்டிலிருந்த உரிமையைத் தெருவில் கேட்டதே ஆதிக்கத்தின் கண்ணில் அவர் செய்த குற்றம்.

1957 முதுகுளத்தூர் இடைத்தேர்தலை அடுத்து மோதல்கள் மூண்டன. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் தம் மக்களின் பிரதிநிதியாக, முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட தலைவர்களுக்குச் சமமாக அமர்ந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32. தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் பல உயிர்கள் பலியாயின. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தேவரை 1959இல் நீதிமன்றம் விடுவித்தது.

2010இல் அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 11 அன்று, அவருக்கு அஞ்சலி செலுத்தப் பரமக்குடியில் திரண்டோர் மீது அரசின் காவல்துறையே சுட்டது, உயிர்கள் போயின. நாட்டுக்காகச் சீருடை அணிந்தவரின் நினைவிடத்துக்குச் செல்லும் பாதையில், அவருடைய மக்கள் எதிர்கொண்டது இன்னொரு சீருடையின் துப்பாக்கியை. அவர் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை.