ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு

நெய்வேலியில் 1957 முதல் பழுப்பு நிலக்கரியின்பொருட்டு நிலம் அகழப்பட்டு வருகிறது. தோண்டி முடிந்த பள்ளத்தை நிரப்பிச் சமன்செய்துவிட்டால் நிலம் திரும்பக் கிடைத்ததாகுமா? இதற்கு விடை காண விரும்புவோர் ஸர் ஆல்பர்ட் ஹோவர்டின் சரித்திரத்தை அறிவது அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

1873-ல் இங்கிலாந்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த ஹோவர்டு, 1905-ல் பீஹாரிலுள்ள பூஸா ஆராய்ச்சி நிலையத்திற்குத் தாவர நூற் பண்டிதராக வந்தார். நம் குடியானவர்களுக்குப் போதிக்க வந்தவர், அவர்களையே ஆசான்களாகக் கொண்டார். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் அறியாத அவர்களுடைய பயிர்கள் நோயின்றி விளைவதைக் கண்டு, அதன் காரணம் மண்ணிலுள்ள மட்கிலும் அதில் வாழும் உயிர்களிலும் இருப்பதாகத் தெளிந்தார். பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் மண்புழுக்களும் சருகையும் சாணத்தையும் சிதைத்துப் பயிருக்கு உணவாக்குகின்றன; சிலவகைப் பூஞ்சைகள் வேரோடு கூடி வாழ்ந்து மண்ணின் சத்தை அதற்கு ஊட்டுகின்றன. இவ்வுயிர்களுக்கு இரையளிப்பதே உழவின் முதற்கடமை என்று கண்ட ஹோவர்டு, 1924-ல் இந்தூரில் நிலையம் நிறுவி, செத்தை, சாணம், கோமியம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, அவ்வப்போது கிளறி, ஏறக்குறைய மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். தாவர விஞ்ஞானியான மனைவி கேப்ரியேல் அவருக்கு உற்ற துணையாயிருந்தார். 1931-ல் தாயகம் திரும்பிய பின்னும் இக்கொள்கையையே பரப்பி, 1947-ல் காலமானார்.

நெய்வேலியில் ஆழத்திலிருந்து எடுத்துக் குவிக்கப்படும் மண்ணில் மட்கும் உயிர்களும் அரிது. மேல்மண்ணைத் தனியே காத்து, தழையுரமும் தொழுவுரமும் இட்டு, அவ்வுயிர்களை மீண்டும் குடியேற்றினாலன்றி அது வயலாகாது. நிலத்தை இழந்த குடிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பள்ளத்தை மூடுவதோடு தீராது. மண்ணை உயிரோடு ஒப்படைப்பதே நியாயமாகும்.