ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (சனவரி 15, 1841 - மார்ச் 9, 1911) பிரித்தானிய இராணுவப் பொறியாளரும் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரும் ஆவார். மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பிய முல்லைப் பெரியாறு அணைத் திட்டத்தை வகுத்து நிறைவேற்றியவர் இவரே. இன்றைய தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் நிலமாக மாறியதற்கு இத்திட்டம் முதன்மைக் காரணமாகும்.

பிறப்பும் கல்வியும்

பென்னிகுவிக் மகாராட்டிர மாநிலம் புனேயில் பிறந்தார். இவரது தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுவிக் என்பதே. அவர் படைத்தளபதியாக இருந்தவர். 1849 சனவரி 13 அன்று, இரண்டாம் ஆங்கிலேய-சீக்கியப் போரில் நடந்த சில்லியன்வாலா சண்டையில் தந்தையும் 17 வயதான மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். இளைய ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டு நாட்களே இருந்தன.

இங்கிலாந்தில் செல்ட்டன்காம் கல்லூரியிலும், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரியிலும் பயின்றார். 1858 இல் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து 1860 இல் இந்தியா வந்தார். 1867-68 இல் நடந்த அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றார். 1879 இல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்பவரை மணந்தார்.

திட்டத்தின் முன்வரலாறு

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பென்னிகுவிக்குடையது அன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை, மலைமேல் ஆட்களை அனுப்பி இதற்கான வழியை ஆராய்ந்தார். பொருள் வசதி இல்லாமல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1808 இல் இடத்தைப் பார்வையிட்ட ஆங்கிலேயப் பொறியாளர் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று அறிக்கை அளித்தார். (மொழியியலாளர் இராபர்ட் கால்டுவெல் வேறொருவர்.) 1850 இல் தொடங்கிய சிறு அணை வேலையும் நோயாலும் ஆள் பற்றாக்குறையாலும் நின்றது. 1860களில் ரைவ்ஸ் என்பவர் மண் அணை ஒன்றுக்கான திட்டத்தைத் தயாரித்தார்.

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. தென்மேற்குப் பருவமழை மலை முகட்டுக்கு அப்பால் பெருமழையாகக் கொட்டும்போது, இப்பக்கம் சாரலோடு நின்றுவிடும். வைகையை நம்பிய மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் நிலை இதைவிடக் கடினமானது. 1876-78 இல் தென்னிந்தியாவைத் தாக்கிய தாது வருடப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுசென்றது. அறிக்கைகளாகவே கிடந்த பெரியாற்றுத் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது இப்பஞ்சத்துக்குப் பின்னரே.

பென்னிகுவிக்கின் திட்டம்

1882 இல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மண் அணைக்குப் பதிலாகக் கல்லாலும் சுண்ணாம்புக் கலவையாலும் ஆன எடை அணையை இவர் முன்மொழிந்தார். எடை அணை என்பது தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது.

இத்திட்டத்தின் அடிப்படை எளிமையானது. பள்ளத்தாக்கின் குறுக்கே உயரமான அணை கட்டினால் பின்னால் ஏரி உருவாகும். ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து, அதன் ஒரு கிளை கிழக்கு முகட்டின் அருகே தேக்கடி வரை நீளும். அங்கே வாய்க்கால் வெட்டி, முகட்டைக் குடைந்து சுமார் 5,700 அடி நீளச் சுரங்கம் அமைத்தால் நீர் தானாகவே கிழக்கே இறங்கும். இறைக்க வேண்டியதில்லை. இதனால்தான் இன்றும் அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள நீரைத் தமிழ்நாடு எடுக்க இயலாது. சுரங்கத்தை விட்டு வெளிவரும் நீர் வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் சேர்ந்து வைகையை அடைகிறது. பின்னர் பேரணை என்னும் இடத்தில் தடுக்கப்பட்டு, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக மேலூர்ப் பகுதி வரை செல்கிறது.

அணை அமையும் இடம் திருவிதாங்கூர் அரசுக்குச் சொந்தமானது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை என முடிவானது.

அணை கட்டுமானம்

1887 இல் வேலை தொடங்கியது. அணை அமைந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருந்த அடர்காடு. சாலை கிடையாது. யானைகளின் தொல்லையும் காய்ச்சலும் எப்போதும் இருந்தன. சுண்ணாம்புக்கல் மலையடிவாரத்தில் குருவனூத்து என்னும் இடத்தில் கிடைத்தது. அதையும் பிற பொருட்களையும் மலைமேல் ஏற்றக் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது. தேக்கடியிலிருந்து அணை வரை படகில் கொண்டு சென்றனர். சுரங்கத்தில் பாறையைத் துளையிட அழுத்தக் காற்றால் இயங்கும் கருவிகள் பயன்பட்டன.

அடித்தளம் இடுவதே மிகக் கடினமான பகுதி. ஆற்றைத் தற்காலிகமாகத் தடுத்துத்தான் அடித்தளம் இட முடியும். தற்காலிகத் தடுப்புகளைக் காட்டாற்று வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. காய்ச்சலும் வாந்திபேதியும் பரவியதால் ஆட்கள் வேலையை விட்டு இறங்கிச் செல்வதும், புதியவர்களைத் திரட்டுவதும் தொடர்கதையாயிற்று. நோயால் இறந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர். இவ்வணையைப் பற்றிப் பேசும்போது தலைமைப் பொறியாளர் பெயர் மட்டும் நினைவுகூரப்படுவதும், மலையேறிச் சென்று திரும்பாத இவர்கள் விடுபட்டுப்போவதும் வழக்கமாகிவிட்டது.

சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கல் பொடி) சேர்த்த கலவையால் உட்பகுதியும், கருங்கல் கட்டுமானத்தால் வெளிமுகங்களும் அமைந்தன. 155 அடி உயரமும் சுமார் 1,200 அடி நீளமும் கொண்ட அணை எழுந்தது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

சொத்தை விற்ற கதை

அரசு பணம் தர மறுத்தபோது பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற செய்தி தேனி, மதுரை வட்டாரங்களில் பரவலாக நம்பப்படுகிறது; மேடைகளிலும் நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இதற்கு ஆவணச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. இது சென்னை மாகாண அரசு ஒப்புதல் அளித்து, பணம் ஒதுக்கி நடத்திய திட்டமாகும். திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி 1899 இல் எழுதிய விரிவான வரலாற்று நூலே இதுபற்றிய முதன்மை ஆவணம்.

ஆயினும் இக்கதை ஏன் பிறந்தது என்பது விளங்கிக்கொள்ளக் கூடியதே. அடித்துச் செல்லப்பட்ட தடுப்புகளைத் திரும்பத் திரும்பக் கட்டிய பிடிவாதத்துக்கு மக்கள் தாங்கள் அறிந்த மொழியில் ஒரு வடிவம் கொடுத்துள்ளனர். நிலத்தை விற்பதும் நகையை விற்பதும் உழவர் குடும்பம் செய்யக்கூடிய கடைசித் தியாகம் அல்லவா?

பிற்காலம்

1895 இல் இவருக்கு இந்திய விண்மீன் விருது வழங்கப்பட்டது. 1896 இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த அரச இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1899 வரை பணியாற்றினார். பெரியாறு பற்றிய கட்டுரைக்காகப் பிரித்தானியக் குடிசார் பொறியாளர் கழகத்தின் டெல்ஃபோர்டு பதக்கம் பெற்றார். 1899 இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளம் குறித்து ஆலோசனை வழங்கினார். 1911 மார்ச் 9 அன்று சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லியில் காலமானார். ஃபிரிம்லி புனித பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

திட்டத்தின் விளைவுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் சுமார் 14,700 ஏக்கர் இருபோக நிலம் பெரியாற்று நீரால் பாசனம் பெறுகிறது. கூடலூர் முதல் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகப் பழனிச்செட்டிபட்டி வரை வயல்கள் தொடர்கின்றன. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலும் பரந்த நிலப்பரப்பு பயன்பெறுகிறது. லோயர் கேம்பில் இந்நீரைக் கொண்டு மின்சாரமும் உற்பத்தி செய்யப்படுகிறது. அணைக்குப் பின்னால் உருவான ஏரியே இன்று தேக்கடியில் சுற்றுலாப் பயணிகள் காணும் ஏரி. அதைச் சுற்றிய காடு 1978 இல் புலிகள் காப்பகமானது. பாசனத்துக்காக வரையப்பட்ட ஒரு திட்டம் மலையின் ஒரு பக்கத்தில் வயலையும் மறுபக்கத்தில் ஏரியையும் உருவாக்கியது. ஏரி உருவானபோது காடு மூழ்கியதும் உண்டு.

அணையின் பாதுகாப்பு குறித்து எழுந்த ஐயத்தால் 1979 இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்திய பின்னும் தமிழ்நாடு, கேரள அரசுகளிடையே வழக்கு நீடித்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் அந்த அளவை எட்டியது.

நினைவுச் சின்னங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளிலும் கடைகளிலும் பென்னிகுவிக்கின் படம் சாமி படங்களோடு மாட்டப்பட்டிருக்கும். இவர் பெயரைக் குழந்தைகளுக்குச் சூட்டும் வழக்கமும் உண்டு. இவரது பிறந்த நாள் தைப்பொங்கலை ஒட்டி வருவதால் பாலார்பட்டி ஊர் மக்கள் அந்நாளில் இவர் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். 2013 சனவரியில் லோயர் கேம்பில் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் திறந்தது. தேனிப் புதிய பேருந்து நிலையத்துக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2022 இல் இவர் இறந்த ஊரான கேம்பர்லியிலும் தமிழ்நாடு அரசின் சார்பில் சிலை நிறுவப்பட்டது.