நாற்றங்காலும் நடவு வயலும்
கணித மேதை இராமானுஜன் வாழ்வு உணர்த்தும் பாடம்

காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தோர்க்கு நடவின் நுட்பத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் செழித்து நின்ற பயிர், பறித்து நட்ட மறுநாளே துவண்டு விழும். அதன் வேர் புதிய சேற்றைப் பற்றிப் பச்சை பிடிக்கும்வரை உழவர் வயலை மறந்திருப்பதில்லை. நீரைக் கட்டுவதும் வடிப்பதுமாய் அந்தச் சில நாள்களைக் கண்ணுங்கருத்துமாகக் கழிப்பார். பயிர் பட்டுப்போனால் நாற்றைப் பழித்துவிட்டு வீடு திரும்பும் உழவர் எவருமிலர்.

பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவரும் பறித்து நடப்பட்ட நாற்றே ஆவார். அவருடைய பச்சை பிடிக்கும் பருவத்தைக் காப்பது யார் பொறுப்பு? அனுப்பிய பள்ளியின் பொறுப்பா, ஏற்றுக்கொண்ட கல்லூரியின் பொறுப்பா? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவரின் வாழ்வைக் கற்றால் போதும். அவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய கணிதத்தை விளக்கும் தகுதி தமிழாசிரியராகிய எனக்கு இல்லை. ஆயினும் அவர் மாணவராக வாழ்ந்த வாழ்வைப் பற்றிப் பேசும் உரிமை ஆசிரியர் அனைவர்க்கும் உண்டு.

பள்ளி வளர்த்த பிள்ளை

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயாரின் பெற்றோர் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கராகப் பணிபுரிந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தவர். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அமைந்த சிறிய வீட்டில், வறுமைக்கும் மானத்திற்கும் நடுவே நடந்தது அக்குடும்பத்தின் வாழ்க்கை.

1897இல் நடந்த தொடக்கக் கல்வித் தேர்வில் ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு ஆகிய பாடங்களில் மாவட்டத்திலேயே மிகச் சிறந்த மதிப்பெண்களைப் பெற்றார் பத்து வயதும் நிரம்பாத அச்சிறுவர். பின்னாளில் ஆங்கிலமே அவரை வீழ்த்தப் போகிறது என்பதால், ஆங்கிலத்திலும் அவர் முதல்வராய் நின்றதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

1898இல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளி அவரை நன்கு அறிந்துகொண்டது. ஏறத்தாழ 1,200 மாணவர்களை 35 ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளித்து வகுப்புகளை வகுக்கும் சிக்கலான பணியில், மாணவராகிய அவருடைய துணையையே பள்ளி நாடியது. 1904இல் கணிதத்திற்கான ரங்கநாத ராவ் பரிசை வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணும் இம்மாணவரை அளக்கப் போதாது என்று அவையறியப் பாராட்டினார்.

அவருடைய கல்வி பள்ளிச் சுவருக்குள் அடங்கிவிடவுமில்லை. குடும்பச் செலவிற்கு உதவியாக அவர்தம் வீட்டில் கல்லூரி மாணவர் இருவர் தங்கியிருந்தனர். அவர்கள் அறிந்த கணக்கையெல்லாம் பதினொரு வயதிற்குள் கற்றுமுடித்தார். அவர்கள் தந்த லோனி என்பவரின் முக்கோணவியல் நூலைப் பதின்மூன்று வயதிற்குள் தம்வயமாக்கினார். 1903இல் நண்பர் ஒருவர், அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து கார் என்பவர் தொகுத்த கணித நூலை இரவல் வாங்கித் தந்தார். ஏறத்தாழ 5,000 தேற்றங்களை, பெரும்பாலும் நிறுவல் இன்றி, அடுக்கிக் காட்டும் நூல் அது. விடுபட்ட நிறுவல்களைத் தாமே காண முயன்றபோதுதான் இராமானுஜன் என்னும் மேதை உருவானார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளி மாணவர் ஒருவர்க்குக் கல்லூரி மாணவர்கள் ஆசானாயினர். கல்லூரி நூலகத்தின் நூல் பள்ளி மாணவரின் திண்ணைக்கு வந்தது. பள்ளியும் கல்லூரியும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஆனால் இக்கூட்டுறவு எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று, தற்செயலாய் நேர்ந்தது. தற்செயலாய் வந்தது நிலைத்து நிற்பதில்லை.

கல்லூரியில் நேர்ந்த வீழ்ச்சி

கும்பகோணம் அரசினர் கல்லூரி அந்நாளில் தென்னாட்டின் கேம்பிரிட்சு எனப் புகழ்பெற்றிருந்தது. அது 1854இல் பள்ளியாகத் தோன்றி, 1867இல் கல்லூரியாக உயர்ந்தது. சில ஆண்டுகள் பள்ளி வகுப்புகளும் கல்லூரி வகுப்புகளும் அங்கு ஒரே நிறுவனமாய் நடந்தன. 1880களின் தொடக்கத்தில் பள்ளி வகுப்புகள் நீக்கப்பட்டன. இராமானுஜன் நுழைந்த காலத்தில் பள்ளி வேறு, கல்லூரி வேறு. இடையே காவிரி ஓடியது. நீர் நிறைந்த காலத்தில் படகேறியும், வறண்ட காலத்தில் மணலில் நடந்தும் மாணவர்கள் அக்கரை சேர்ந்தனர்.

பள்ளியில் பெற்ற வெற்றியால் உதவித்தொகை பெற்று, 1904இல் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலம், உடலியல், கிரேக்க உரோமானிய வரலாறு முதலியனவும் அங்குப் பாடங்கள். அவர் மனமோ கணிதத்தில் மட்டுமே ஆழ்ந்தது. வகுப்பறையில் உடல் இருக்க, உள்ளம் எண்களின் உலகில் உலவியது. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. தந்தையாரின் மாத வருவாய் இருபது ரூபாய் அளவே. கல்விக் கட்டணமோ பருவத்திற்கு 32 ரூபாய். தாயார் கல்லூரி முதல்வரை நேரில் கண்டு முறையிட்டார். முதல்வர் பண்போடு செவிமடுத்தார். ஆயினும் விதி விதியே என்று உறுதியாய் நின்றார்.

இவ்விடத்தில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. விதியைக் காப்பது முதல்வரின் கடமை. மற்றப் பாடங்களைப் புறக்கணித்தது இராமானுஜனின் குறை. அதை மறைத்து அவரைத் தெய்வமாக்குவது மாணவர்க்கு நன்மை பயவாது. எனினும் ஒரு வினா எழுகின்றது. இம்மாணவரின் இயல்பையும் ஆற்றலையும் ஆறாண்டுக் காலம் கண்டறிந்த பள்ளி, அக்கல்லூரிக்கு அதை எடுத்துச் சொல்ல வழியொன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்து வயதில் ஆங்கிலத்தில் முதன்மை பெற்றவர் பதினேழு வயதில் அதே ஆங்கிலத்தில் தவறினார் என்றால், அது அறிவின்மையால் அன்று. கவனம் சிதறியதால் என்று அறிந்தோர் எடுத்துரைத்திருக்கக் கூடும். மதிப்பெண் பட்டியல் ஆற்றைக் கடந்து சென்றது. மாணவரைப் பற்றிய அறிவு இக்கரையிலேயே நின்றுவிட்டது.

அலைந்த ஆண்டுகள்

1905 ஆகஸ்டு மாதம் இராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் நோக்கிச் சென்றுவிட்டார். பிள்ளையைக் காணவில்லை எனப் பெற்றோர் நாளிதழில் அறிவிப்புச் செய்ய நேர்ந்தது. மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906 டிசம்பரில் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி, 1907இல் மீண்டும் தோல்வி. கணிதத்தில் ஒளிர்ந்தவர் உடலியல் முதலிய பாடங்களைக் கடக்க மாட்டாமல் நின்றார். பட்டம் இல்லை, பணி இல்லை, பல நாள் உணவும் இல்லை. 1909இல் ஜானகி அம்மையாரை மணந்தபின் பிழைப்பிற்கு வழிதேடி அலைந்தார். கையில் இருந்த உடைமை கணிதக் குறிப்பேடுகள் மட்டுமே.

ஒருவரை ஒருவர் கைமாற்றிய பெருமக்கள்

1910இல் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவரும், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவருமான வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். அவர் குறிப்பேடுகளைக் கண்டு வியந்து, சென்னையிலுள்ள நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் கற்பித்த பி. வி. சேஷு ஐயர் தம் பழைய மாணவரை மறக்கவில்லை. நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்துத் தாங்கினார். 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. அங்கிருந்த நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய ஆற்றலை மதித்தனர்.

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அம்மனிதர்க்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. எட்டாண்டுகளுக்கு முன் மூடப்பட்ட கதவு மீண்டும் திறந்தது. விதி மனிதருக்காகவே அமைந்தது என்பதை அன்று கற்றோர் அவை உணர்ந்தது.

1914இல் கேம்பிரிட்சு சென்றார். அங்குப் பேராசிரியர் ஹார்டியும் லிட்டில்வுட்டும் மேற்கொண்ட முறை ஆசிரியர்கள் அனைவரும் கற்கத்தக்கது. இராமானுஜனின் கல்வியில் பெரும் இடைவெளிகள் இருப்பதை ஹார்டி கண்டார். அனைத்தையும் அடிப்படையிலிருந்து முறையாகக் கற்க வேண்டும் என்று வற்புறுத்தினால் அவருடைய ஊக்கம் குன்றிவிடுமோ என அஞ்சினார். இடைவெளிகளைப் புறக்கணிக்கவும் இயலாது. எனவே வேண்டியவற்றை மட்டும் மெல்லக் கற்பித்தார். அவரிடமிருந்து தாம் கற்றதே மிகுதி என்றும் பின்னர் ஒப்புக்கொண்டார். எஃப்.ஏ. தேறாதவர் 1916இல் ஆய்வின் வழியே கேம்பிரிட்சின் பி.ஏ. பட்டம் பெற்றார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வுற்ற முதல் இந்தியருமானார்.

நமக்குரிய கடமை

இராமானுஜன் போன்ற மேதை நூற்றாண்டிற்கு ஒருவர் தோன்றுவார். ஆனால் இடையில் துவளும் நாற்றுகளை ஒவ்வோராண்டும் நம் வகுப்பறைகளில் காண்கிறோம். 1978இல் தமிழகப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபின், கல்லூரிகளிலிருந்த புகுமுக வகுப்பு மறைந்தது. அது கல்லூரிச் சூழலுக்குப் பழகும் ஓராண்டாக இருந்தது. கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்று, நல்ல மதிப்பெண்ணோடு வரும் உழவர் வீட்டுப் பிள்ளை, முதல் வாரத்திலேயே ஆங்கில விரிவுரையின் முன் ஊமையாய் அமர்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிலர் இரண்டாம் பருவத்திற்குள் நின்றுவிடுகின்றனர். நின்றவரை அனுப்பிய பள்ளி அறிவதில்லை. ஏன் நின்றார் என்று நாமும் கேட்பதில்லை.

கல்லூரித் தொடக்கத்தில் இணைப்பு வகுப்புகள் நடத்தும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பள்ளி மாணவர்க்கு உயர்கல்வி வழிகாட்டுதலையும் உள்ளடக்கியது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் ஆணைகளால் மட்டும் இப்பணி நிறைவேறாது. பள்ளி ஆசிரியரும் கல்லூரி ஆசிரியரும் ஆண்டிற்கு இருமுறையேனும் ஒருங்கே அமர்ந்து மாணவரைப் பற்றிப் பேச வேண்டும். கல்லூரி நூலகம் அருகிலுள்ள பள்ளிகளின் மேல்நிலை மாணவர்க்கு விடுமுறையிலாவது திறந்திருக்க வேண்டும். முதலாண்டு மாணவரின் தேர்ச்சியும் தளர்ச்சியும் அவர் பயின்ற பள்ளிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கல்லூரி மாணவர்கள் தம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணையாசான்களாக வேண்டும். இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டா; மனம் இருந்தால் போதும். சமுதாயப் பெரியோர்கள் இதற்குத் துணைநிற்க வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இறுதி விருப்பம்

இங்கிலாந்தில் நோயுற்றிருந்த இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுகள் வழங்க முன்வந்தது. 1919 சனவரியில் பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு அவர் மறுமொழி எழுதினார். தம் தேவைக்கு அத்தொகை மிகுதி என்றார். பெற்றோர்க்கு ஆண்டுதோறும் 50 பவுன் அளித்து, இன்றியமையாச் செலவுகள் போக எஞ்சியதை ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டினார்.

உலகப் புகழின் உச்சியில் நின்றபோதும் அவர் நெஞ்சம் நினைத்தது கட்டணத்தையும் நூலையுமே. கட்டணம் செலுத்த வழியின்றிக் கல்லூரியை இழந்தவர் அவர். இரவல் வந்த நூல் ஒன்றால் உயர்ந்தவரும் அவர். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

அவர் விரும்பிய அவ்விரண்டையும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர்க்கேனும் இவ்வாண்டு செய்வோமாயின், அதுவே காவிரிக்கரையில் வளர்ந்த அம்மேதைக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.